படுக்கையறைக்கு கார்ப்பெட்டா, டைல்ஸா? டெல்டாவில் முதல்முறை வீடு கட்டுவோருக்கு

சிங்கப்பூரிலோ துபாயிலோ சில வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி இது: “ஹாலுக்கு டைல்ஸ் இருக்கட்டும். பெட்ரூமுக்கு மட்டும் கார்ப்பெட் போட்டுடலாமா?” அங்கே வெறுங்காலில் நடந்த சுகம் மனதில் நிற்கிறது. ஆசை தப்பில்லை. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டுக்குத் தரை போடும்போது கடையில் மாதிரிப் பலகையைப் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணையும் தண்ணீரையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்து வெயிலில் காயப்போட முடியாத எதையும் கீழ்த்தளப் படுக்கையறையில் தரையோடு ஒட்டாதீர்கள். கெட்டித் தரை நிரந்தரமாக இருக்கட்டும். மெத்தென்ற விரிப்பு அதன் மேல் வந்து போகட்டும். ஏன், எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஓதம், அதாவது தரையில் ஏறும் ஈரம், இருக்கிறதா என்று பாருங்கள்

டெல்டாவின் பழைய பாசனப் பகுதிகளில் பெரும்பாலும் வண்டல் கலந்த களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் கிணற்று மட்டம் ஏறும். அதன் பிறகு ஐப்பசி அடைமழையும் கார்த்திகை மழையும் வரும்போது நிலத்தடி நீர் பல ஊர்களில் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மண்ணும் செங்கலும் கான்கிரீட்டும் அந்த ஈரத்தை மேலே இழுக்கும். சுவரின் அடியில் பெயிண்ட் உரிந்து வருவதும், தரையோரம் வெள்ளையாக உப்புப் பூப்பதும் இதனால்தான். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் செம்மண் கலந்த மேட்டு நிலங்களில் தொல்லை கொஞ்சம் குறைவு. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி போலக் கடல் பக்கத்து ஊர்களில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான, நிறமில்லாத பாலிதீன் தாள் ஒன்று எடுங்கள். தரையை நன்றாகப் பெருக்கி, தாளை விரித்து, நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் உரிக்கும் முன் குனிந்து பாருங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி கோத்திருந்தாலோ, உரித்த பிறகு அந்தச் சதுரம் மட்டும் கருத்துத் தெரிந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது காற்றிலிருந்து படிந்த ஈரம். மழை விட்ட மறுநாள் குளிர்ந்த தரையில் வெதுவெதுப்பான காற்று படும்போது டைல்ஸ் வியர்க்கும் பாருங்கள், அது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முன்னதற்கு அடித்தளத்தில் வேலை இருக்கிறது. பின்னதற்கு ஜன்னலும் மின்விசிறியும் போதும்.

இந்தச் சோதனையை அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று என இரண்டு இடத்தில் செய்யுங்கள். மே மாதத்தில் செய்து “காய்ஞ்சுதானே இருக்கு” என்று மகிழ வேண்டாம். பழைய வீடாக இருந்தால் நவம்பரில் செய்வதுதான் உண்மையைச் சொல்லும். புதுக் கான்கிரீட்டானால் அதன் சொந்த ஈரமே வெளியேற நாளாகும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் அஸ்திவார நிலையில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பேஸ்மெண்ட் நிரப்ப வயல் களியை வெட்டிப் போடாதீர்கள். லாரி வாடகை மிச்சம் என்று தோன்றும், பிறகு மூலைக்கு மூலை தரை இறங்கும். சவுடு மண்ணோ கிராவல் மண்ணோ கொண்டுவந்து, அரையடி முக்காலடி அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். முடிந்தால் ஒரு மழைக்காலம் அப்படியே கிடந்து அமரட்டும். அதன் மேல் கறையான் மருந்து. அதற்கும் மேல் 250 மைக்ரான் பாலிதீன் தாள், இணைப்பில் அரையடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும்படி. பிறகுதான் கான்கிரீட். தாளுக்கு ஆகும் செலவு வீட்டுக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நம் ஊர் வேலைகளில் முதலில் விட்டுப்போவது அதுதான். கான்கிரீட் கொட்டும் நாளில் நேரில் நின்று பாருங்கள். ஆட்கள் கம்பியை இழுத்துத் தாளைக் கிழித்துவிடுவார்கள். கிழிந்த இடத்தில் மேலே இன்னொரு துண்டு போடச் சொல்லுங்கள்.

படி 2: அந்த அறையில் யார், எப்படிப் படுக்கிறார்கள்?

நம் வீடுகளில் படுக்கையறை என்பது கட்டிலும் அலமாரியும் மட்டும் இல்லை. சித்திரை வெயிலில் பாதிப் பேர் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் பாய் விரிக்கிறார்கள். அந்தக் குளிர்ச்சியே கெட்டித் தரையின் பாதி வரம். விவசாய வீடானால் தை அறுவடை முடிந்து நாலு மூட்டை நெல் ஏதோ ஓர் அறையில் சில நாள் அடுக்கித்தான் இருக்கும். அந்த நெல்லின் சுணை கார்ப்பெட்டுக்குள் இறங்கினால் வேக்குவம் வைத்து இழுத்தாலும் முழுசாக வராது. அதில் விளையாடும் குழந்தைக்கு உடம்பெல்லாம் அரிப்பு.

ஆஸ்துமா, தும்மல், தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் யோசனையே வேண்டாம், கெட்டித் தரைதான். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு மேல் போனாலே செழிப்பாகப் பெருகும். நம் பக்கம் ஆண்டில் பெரும்பகுதி அதற்கு மேல்தான் நிற்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் அவை எப்படியும் இருக்கும். காலடியிலும் ஒரு குடியிருப்பு கட்டிக்கொடுக்க வேண்டுமா?

பெரியவர்கள் படுக்கும் அறையானால் வேறு கணக்கு. மார்கழி விடியலில் வழுவழு டைல்ஸில் கால் வைத்தால் மூட்டுக்குள் சுரீர் என்று ஏறும். இரவில் எழும்போது வழுக்கும் பயமும் உண்டு. அதற்கு அறை முழுக்க கார்ப்பெட் தேவையில்லை. சொரசொரப்பான மேட் பினிஷ் டைல்ஸும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓரம் மடங்காத விரிப்பு ஒன்றும் போதும்.

படி 3: கெட்டித் தரையில் எது?

விட்ரிஃபைடு டைல்ஸ்தான் இன்று டெல்டா முழுக்கப் போடுகிறார்கள், காரணத்தோடுதான் போடுகிறார்கள். அதன் உடம்பு தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. சாதாரண செராமிக் அதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். சுவருக்கென்று செய்த டைல்ஸை “இது சீப்பா இருக்கே” என்று தரைக்கு வாங்கிவிடாதீர்கள், கட்டில் கால் பட்டாலே விரிசல் விடும். கடையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: டைல்ஸைத் திருப்பி முதுகில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அப்படியே உருண்டு நின்றால் விட்ரிஃபைடு. சட்டென்று உள்ளே இறங்கினால் வேறு.

கிரானைட் ஈரத்துக்கும் உப்புக்கும் அசையாது. விலையும் எடையும் அதிகம், குளிர்காலத்தில் ஜில்லென்று இருக்கும். கடப்பா கல்லும் கோட்டா கல்லும் மலிவு, வலு. நிறம் எல்லோருக்கும் பிடிக்காது. மார்பிள் பற்றி ஒரே வரி: எலுமிச்சை, புளி, ஆசிட் எது சிந்தினாலும் தழும்பு விழும், அடியிலிருந்து ஓதம் வந்தால் மஞ்சள் பூக்கும்.

ரெட் ஆக்ஸைடு தரை மேல் எனக்குத் தனிப் பிரியம். கும்பகோணத்துப் பழைய வீடுகளின் கூடத்தில் தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுப் பட்டு மினுங்கும் அந்தத் தரைக்கு எந்த டைல்ஸும் ஈடில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்தே அந்தப் பளபளப்பு வந்தது. ஆனால் அது கொத்தனார் கையில் இருக்கும் வேலை. கலவை இறுகும் நேரம் பார்த்து, விட்டுவிடாமல் கரணையால் தேய்த்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் போட்ட தரை ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். களிமண் மேல் பேஸ்மெண்ட் சரியாக அமராவிட்டால் முதலில் கீறல் விழுவதும் இந்தத் தரையில்தான். ஒட்டுப்போட்டால் நிறம் ஒத்துவராது. பக்கத்துச் செட்டிநாட்டிலிருந்து வரும் ஆத்தங்குடி டைல்ஸும் அழகுதான். சூளையில் சுடாத சிமென்ட் கல் என்பதால் ஈரத்தையும் கறையையும் இழுக்கும். மாடி அறைக்கு மனதாரச் சொல்வேன். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் கீழ்த்தளத்துக்குச் சொல்ல மாட்டேன்.

மரம் போலத் தெரியும் லேமினேட்? உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதும், ஊதியது திரும்பாது. கறையானுக்கும் விருந்து. மரத் தோற்றம்தான் வேண்டுமென்றால் அந்த மாதிரி அச்சிட்ட டைல்ஸ் இருக்கிறது. மாடியானால் கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. பலகை போடலாம், தண்ணீருக்கு அசையாது. வாடகை வீட்டில் சுருளாக விற்கும் வினைல் ஷீட் விரிப்பவர்கள் அதை ஒட்டாமல் சும்மா விரியுங்கள். மழைக்காலத்தில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கரும்புள்ளி படர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

படி 4: கார்ப்பெட் எங்கே பொருந்தும்?

அறவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாடி அறை, இரண்டு பக்கம் ஜன்னல், மழை ஒழுகாத தளம், வாரம் இரண்டு முறை வேக்குவம் போட ஆள் என்று நாலும் கூடி வந்தால் போடலாம். குழந்தைகள் குதிக்கும் சத்தம் கீழே கேட்காது. விழுந்தாலும் அடி குறைவு. இது உண்மையான நன்மை. ஏசி இருக்கிறதே, ஈரம் வராதே என்பார்கள். ஏசி ஓடும்வரை சரி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நனைந்த கார்ப்பெட்டை நாலு நாள் காற்றோட்டம் இல்லாமல் விட்டால் பூஞ்சை பிடித்து நாற்றம் ஏறும். பிறகு எந்த ஷாம்பும் காப்பாற்றாது.

போடுவதாக இருந்தால் சுவருக்குச் சுவர் பசை வைத்து ஒட்டும் ரகம் வேண்டாம். அரை மீட்டர் சதுரத் துண்டுகளாக வரும் கார்ப்பெட் டைல்ஸை வாங்குங்கள். நனைந்த துண்டை மட்டும் உருவி மொட்டை மாடியில் காயவைக்கலாம், பாழானால் அதை மட்டும் மாற்றலாம். நூல் பாலிப்ரொப்பிலீனாகவோ நைலானாகவோ இருக்கட்டும். அடிப்பக்கம் சணல் வைத்தது வேண்டாம். கதவின் அடி இடைவெளியையும் இப்போதே அளந்துகொள்ளுங்கள். கார்ப்பெட்டும் அடி விரிப்பும் சேர்ந்து அரை அங்குலத்துக்கு மேல் உயரும். கதவு உரசினால் கழற்றி இழைக்க வேண்டிவரும்.

படி 5: கணக்குப் போட்டு வாங்குங்கள்

பன்னிரண்டுக்குப் பத்து அறையை வைத்துச் சொல்கிறேன். பூச்சு முடிந்த பிறகு அளந்த அளவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு இரண்டு என்று நாம் சொல்லும் டைல்ஸ் உண்மையில் அறுபது சென்டிமீட்டர்தான், இரண்டு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. அதனால் நீளத்தில் ஆறு முழு டைல்ஸ் வைத்தபின் நாலரை சென்டிமீட்டர் மிஞ்சும். அகலத்தில் ஐந்து வைத்தபின் இன்னும் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். இந்த மெலிந்த கீற்று வாசலைப் பார்த்து வந்தால் அறையே கோணலாகத் தெரியும். பீரோவும் கட்டில் தலைமாடும் வரும் சுவர்களுக்கு அதைத் தள்ளச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி வேலையைத் தொடங்கும் மூலையைப் பொறுத்தே இது அமையும் என்பதால், முதல் கல் வைக்கும் முன் பேசிவிட வேண்டும்.

முழு டைல்ஸ் முப்பது, கீற்றுக்கு இரண்டு. சுவர் அடியில் நாலு அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு, வாசலைக் கழித்தால் நாற்பத்தோரு அடி ஓட்டம் வேண்டும்; ஒரு டைல்ஸில் ஐந்து பட்டை எடுத்தால் பத்து அடி, ஆக ஐந்து டைல்ஸ். உடைசலுக்கு மூன்று. மொத்தம் நாற்பது. பெட்டிக்கு நாலு வீதம் பத்துப் பெட்டி. இன்னொரு பெட்டி சேர்த்து வாங்கிப் பரணில் போடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கல் உடைந்தால் அதே டிசைன் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் நிறம் ஒரு இழை மாறும். வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும் முன்பே பாருங்கள்.

படி 6: ஒட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பழைய பழக்கத்தில் கலவை பரப்பி, சிமென்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்துத் தட்டிவிடுவார்கள். உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸில் சிமென்ட் பால் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று மூட்டையில் வரும் டைல்ஸ் பசையைப் பல் வைத்த கரண்டியால் கோடு கோடாக இழுத்து ஒட்டுவதே முறை. நடுவில் ஐந்து உருண்டை வைத்து அமுக்கும் குறுக்குவழி வேண்டாம். மூலைகள் அந்தரத்தில் நிற்கும்.

“கேப்பே இல்லாம ஒட்டித் தர்றேன் சார், ஒரே கல்லு மாதிரி இருக்கும்” என்று சொல்வார்கள். கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இடைவெளி விட வைக்கும் இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் கட்டாயம். சுவரோரமும் ஒரு சின்ன இடைவெளி விடவேண்டும், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். வெயிலில் தரை விரிய இடமில்லாவிட்டால் ஒரு நாள் பட்டென்று வெடித்து இரண்டு டைல்ஸ் கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். அட்டாச்டு பாத்ரூம் இருந்தால் அதன் தரை படுக்கையறையைவிட ஓர் அங்குலமாவது கீழே இருக்கட்டும், நடுவில் கிரானைட் பட்டை ஒன்று வரட்டும்.

கலவைக்கு ஊற்றும் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பாருங்கள். கரித்தால் அந்தப் போர் தண்ணீர் வேண்டாம். லாரித் தண்ணீர் வாங்கியாவது செய்யுங்கள். ஒட்டிச் சில நாள் ஆனபின் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் மூலைக்கு மூலை தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம் வந்தால் சாக்பீஸால் குறியிட்டு, கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

படி 7: மெத்தென்ற பகுதியை மேலே விரியுங்கள்

கார்ப்பெட் தரும் சுகத்துக்கு நம் ஆற்றங்கரையே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளையும் கோரையில் நெய்த பாய், கொள்ளிடம் பக்கம் தைக்கால் பாய், எட்டிப் போனால் பத்தமடைப் பாய். கோரை வியர்வையை இழுத்துக்கொள்ளும், ஒட்டாது. நடந்து பழகும் இடத்துக்குப் பவானி ஜமுக்காளம் நல்லது. தடித்த பருத்தி, மடித்தால் அலமாரியில் அடங்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் போடுவதானால் கட்டில் நீளத்துக்கு இரண்டு அடி அகலம் தாராளம். அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒன்று வையுங்கள். முழு ரப்பர் ஷீட் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துத் தரையில் கறை விழவிடும்.

புரட்டாசி முடிவில் விரிப்புகளை எல்லாம் ஒருமுறை வெயில் காட்டிச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். தைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கினால் போதும். நடுவில் பெரியவர்களுக்காக ஒன்று மட்டும் கீழே இருக்கட்டும். மழை விட்டு வெயில் தலைகாட்டிய நாளில் அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைக் காயவையுங்கள். புது ஜமுக்காளத்தை முதல் தடவை வேறு துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள், சிவப்புச் சாயம் போகும்.